ஆசிரியர் சமூக ஊடகத்தில் சேரலாமா? ஐந்து வழிகளும் அவற்றுக்கு நாம் கொடுக்கும் விலையும்

சமூக ஊடகத்தில் சேரலாமா வேண்டாமா என்று கேட்கும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பாதி சேர்ந்தவர்கள். தலைமை ஆசிரியர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று, பயிற்சிக்குப் போன இடத்தில் தொடங்கியது ஒன்று. சுற்றறிக்கை அதில்தான் வருகிறது; எமிஸ் (மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் இணையதளம்) பதிவை மாலைக்குள் முடியுங்கள் என்ற அவசரமும் அதில்தான் வருகிறது. முழுக்க ஒதுங்கி நிற்கும் வசதி தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இன்று இல்லை. பணிக்காகக் கைக்கு வந்த அந்தக் கைப்பேசியை மாணவருக்கும் பெற்றோருக்கும் ஊருக்கும் எந்த அளவு திறந்து வைப்பது என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

இதில் இருமனமாக இருப்பது இயல்பு. தொலைவில் இருக்கும் சிறிய பள்ளியில் தன் பாடத்துக்குத் தான் ஒருவரே ஆசிரியர் என்ற நிலையில் இருப்பவருக்கு, அதே பாடம் நடத்தும் இன்னொருவரின் பாடக்குறிப்பும் வினாத்தாளும் கிடைப்பது பெரிய ஆதரவு. பத்தாண்டுகளுக்கு முன் படித்த பிள்ளை தேடிக் கண்டுபிடித்து 'வணக்கம் டீச்சர்' என்று எழுதினால் அன்றைய களைப்பு போய்விடும். மறுபுறம், வகுப்பறையில் நாம் சொல்வதற்கு ஒரு சூழல் உண்டு. அதே சொல் திரையில் தனியாக வெட்டி எடுக்கப்பட்டால் அந்தச் சூழல் கூட வராது. ஆசையும் அச்சமும் இரண்டுமே உண்மையான காரணங்களிலிருந்து வருகின்றன. அதனால்தான் 'சேருங்கள்', 'சேராதீர்கள்' என்று ஒற்றை வரியில் சொல்லப்படும் அறிவுரை எவருக்கும் பயன்படுவதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். நாம் எழுதுவதை யார் பார்ப்பார்கள்? அதனால் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது? நம் மாலை நேரத்தில் அது எவ்வளவு எடுத்துக்கொள்கிறது? ஒரு முறை போட்டதைத் திரும்பப் பெற முடியுமா? விதிகளும் சட்டமும் என்ன சொல்கின்றன?

முதல் இரண்டு கேள்விகளுக்கே நான் அதிக எடை தருவேன். எந்தச் செயலி என்பதைவிட எதிரில் யார் இருக்கிறார்கள் என்பதே ஆசிரியருக்கு முக்கியம். சக ஆசிரியர், பெற்றோர், இன்றைய மாணவர், பழைய மாணவர், முன்பின் தெரியாதவர் என்ற ஐந்து கூட்டத்தையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தால் எந்த ஆசிரியராலும் ஒழுங்காகப் பேச முடியாது. நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் கலப்பிலிருந்தே முளைத்தவை.

விதிகளைப் பொறுத்தவரை, அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973-க்கு உட்பட்டவர்கள். அரசின் கொள்கையைப் பொதுவெளியில் கண்டித்துப் பேசுவதற்கும், அனுமதியின்றி வேறு வருவாய்த் தொழிலில் ஈடுபடுவதற்கும் அதில் கட்டுப்பாடு உண்டு. முகநூல் பதிவும் பொதுவெளிதான். தனிக் குழுவில் எழுதினாலும் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், அது பொதுவெளிக்கு வந்துவிடும். தனியார் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் நியமனக் கடிதத்தை ஒரு முறை எடுத்துப் படித்துவிடுவது நல்லது. இதற்கான நிபந்தனை அதில் இருக்கக்கூடும்.

## வழி 1: பணிக் குழுக்களோடு நிறுத்திக்கொள்வது

பலர் இதைப் பிற்போக்கு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாலையில் கைப்பேசியை வைத்துவிட்டு நாளைய பாடத்தைப் படிக்கும் ஆசிரியர் எதையும் இழந்துவிடவில்லை. பெற்றோரை நேரில் வரச்சொல்லிப் பேசுகிறவர், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தவறாமல் உட்காருகிறவர், பிள்ளையின் வீட்டு வாசல்வரை நடந்து போகிறவர் ஆகியோருக்கு இந்த வழியே போதும்.

ஆனால் இதற்கும் ஒரு மறைமுக விலை உண்டு. நாம் இல்லாத இடத்திலும் நம்மைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. ஆண்டு விழாப் படத்தை வேறு யாரோ போடுகிறார்கள். நம் பெயரில் போலிக் கணக்கு தொடங்கப்பட்டால் கடைசியில் நமக்குத்தான் தெரியவரும். அதைவிட முக்கியமானது, பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள், எதைக் கேலி செய்கிறார்கள், எதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது நமக்குப் புரியாமல் போவது. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் திடீரெனப் பேசாமல் போனதற்குக் காரணம் முந்தைய இரவு ஒரு குழுவில் வந்த படமாக இருக்கலாம். அந்த உலகத்தின் மொழியே தெரியாத ஆசிரியரிடம் அவள் அதைச் சொல்லத் தயங்குவாள்.

ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் எழுதாவிட்டாலும் போகட்டும், இன்ஸ்டாகிராம் எப்படி இயங்குகிறது என்பதையாவது வீட்டில் இருக்கும் இளையவரிடம் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

## வழி 2: வாட்ஸ்அப் வகுப்புக் குழு

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்தக் குழுக்கள் ஊரெங்கும் பிறந்தன. பள்ளி திறந்த பிறகும் அவை மூடப்படவில்லை. இன்று பெரும்பாலான ஆசிரியர்கள் எடுக்க வேண்டிய உண்மையான முடிவு இதைப் பற்றியதுதான்.

இதன் பயன் பெரியது. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும் செயலி இது. புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. மழை விடுமுறை, தடுப்பூசி முகாம், திருப்புதல் தேர்வு அட்டவணை ஆகியவை ஒரே நொடியில் போய்ச் சேர்கின்றன.

ஆனால் குழுவில் இருக்கும் எண்கள் யாருடையவை என்று பாருங்கள். அப்பாவின் எண், அம்மாவின் எண், சில நேரம் பக்கத்து வீட்டு அக்காவின் எண். அப்பா கட்டட வேலைக்குப் போகும்போது கைப்பேசியும் அவரோடு போய்விடுகிறது. மாலை ஐந்து மணிக்கு நாம் அனுப்பும் கணக்குகள் பிள்ளையின் கண்ணில் படும்போது இரவு ஒன்பது ஆகிவிடுகிறது. அண்ணனும் தங்கையும் ஒரே கைப்பேசியைப் பங்கு போடும் வீட்டில் தங்கையின் முறை கடைசியில்தான் வரும். வீட்டுப்பாடத்தைக் குழுவில் மட்டும் கொடுத்தால், வகுப்பில் ஏற்கெனவே பின்தங்கியிருக்கும் பிள்ளையை இன்னும் ஒரு படி கீழே தள்ளுகிறோம். கரும்பலகையில் எழுதியதை நினைவூட்டுவதற்கு மட்டுமே குழு என்று நான் வைத்திருக்கிறேன். குழுவில் யார் இல்லை என்ற பட்டியலையும் மேசையில் வைத்திருக்க வேண்டும். அது குழுப் பட்டியலைவிட முக்கியமானது.

இரண்டாவது சிக்கல் எண்கள் வெளிப்படுவது. சாதாரணக் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஒரு தாயின் எண்ணும், அதில் முகப்புப் படமாக இருக்கும் அவர் மகளின் முகமும், நாற்பது வீட்டு ஆண்கள் கையில் போய்ச் சேர்கின்றன. தேவையில்லாத அழைப்பு வருகிறது என்று அம்மாக்கள் சொல்லாமல் குழுவை விட்டு விலகுவதற்கு இது ஒரு காரணம். நாற்பது ஐம்பது பேர் கொண்ட வகுப்புக்கு, பிராட்காஸ்ட் பட்டியல் என்ற வசதியே இதைவிடப் பாதுகாப்பானது. 256 பேர்வரை சேர்க்கலாம். பெறுபவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பதில் நமக்கு மட்டும் வரும். ஒரே நிபந்தனை, பெற்றோர் நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்திருக்க வேண்டும். முதல் பெற்றோர் கூட்டத்திலேயே அதைச் செய்ய வைத்துவிடலாம். குழுவாகத்தான் வேண்டும் என்றால் அட்மின் மட்டுமே செய்தி அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். காலை வணக்கப் பூக்களும் கட்சிச் செய்திகளும் அதோடு நிற்கும்.

மூன்றாவது, நேரம். இரவு பதினொன்றுக்கு 'என் பையனுக்கு ஏன் மார்க் குறைவு' என்று கேள்வி வரும். நீலக் குறி விழுந்த பிறகு பதில் சொல்லாவிட்டால் அது வருத்தமாக மாறும். தனி எண் வைத்துக்கொள்வதே இதற்குத் தீர்வு. இரண்டு சிம் போடும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் கணக்குகள் இரண்டை வைத்துக்கொள்ளும் வசதி 2023-லிருந்து உண்டு. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வேலை நேரம் முடிந்ததும் தானாகவே ஒரு பதில் போகும்படி செய்யலாம். 'மாலை ஏழு மணிக்குப் பிறகு வரும் செய்திகளுக்கு மறுநாள் காலை பதில் தருகிறேன்' என்ற ஒரு வரி பெற்றோரின் வருத்தத்தையும் நம் தூக்கத்தையும் ஒருசேரக் காக்கும்.

மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். தயவுசெய்து போடாதீர்கள். முதல் மூன்று இடம் பிடித்தவர்களைப் பாராட்டுகிறோம் என்று நினைத்து நாம் அனுப்பும் அந்தப் பட்டியலில் கடைசிப் பெயரும் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய பிள்ளை அன்றிரவு வீட்டில் என்ன வாங்குகிறது என்பது நமக்குத் தெரியாது. பிழை நிறைந்த நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவதும் இதே கொடுமைதான்.

## வழி 3: டெலிகிராம் சேனல்

எண்கள் வெளியே தெரியாமல், சேர்பவருக்கு வரம்பில்லாமல், 2 ஜிபி வரையுள்ள கோப்புகளைப் பகிரலாம். ஆசிரியர்களுக்குள் வினாத்தாள், பாடக்குறிப்புப் பரிமாற்றத்துக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இதைவிட வசதியானது இல்லை. ஆனால் பெற்றோர் பலரிடம் இந்தச் செயலி இல்லை. மாணவரை இங்கே அழைத்து வந்தால், திருட்டுப் படங்களும் 'வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்' மோசடிகளும் நடமாடும் தெருவுக்கு நாமே அழைத்து வந்ததாக ஆகும். சக ஆசிரியருக்குச் சரி, பிள்ளைகளுக்கு வேண்டாம்.

## வழி 4: முகநூல் கணக்கு

எழுதும் ஆசை உள்ள ஆசிரியர்களை இழுப்பது இதுதான், அந்த ஆசை நல்லதும்கூட. வகுப்பறை அனுபவத்தைத் தமிழில் தொடர்ந்து எழுதும் ஆசிரியர்கள் முகநூலில் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து எவ்வளவோ கற்றுக்கொள்ள முடிகிறது. பழைய மாணவர்கள் ஒன்றுசேர்ந்து பள்ளிக்கு மேசையும் கணினியும் வாங்கித்தரும் முயற்சிகள் பல இங்கேதான் தொடங்குகின்றன.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. முகநூலில் நாம் என்ன எழுதுகிறோம் என்பதோடு, பிறர் நம்மை எதில் இணைக்கிறார்கள் ('டேக்' செய்கிறார்கள்) என்பதும் நம் முகமாகிவிடுகிறது. உறவினர் திருமணத்தில் எடுத்த படத்தில், பின்னால் இருக்கும் பேனரில் ஒரு சாதித் தலைவர் சிரித்துக்கொண்டிருப்பார். நமக்கு அது கண்ணிலேயே பட்டிருக்காது. படத்தில் நம் பெயரை இணைத்துவிடுகிறார்கள். மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவரின் வீட்டில் அந்தப் படம் வேறு விதமாகப் படிக்கப்படும். 'நம்ம ஆளு' என்று ஒரு வீடும் 'அவங்க ஆளு' என்று இன்னொரு வீடும் சொல்லத் தொடங்கினால், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவர் என்று நாம் பல ஆண்டுகளாகச் சேர்த்த நம்பிக்கை ஆட்டம் காணும். நம் மாவட்டங்களில் இது சிறிய விஷயம் அன்று. கையில் கட்டிய கயிற்றின் நிறம்வரை பார்க்கப்படும் பள்ளிகளில் வேலை செய்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கணக்கு தொடங்கும் அன்றே, நம் ஒப்புதல் இல்லாமல் எந்த இணைப்பும் நம் பக்கத்தில் தெரியாதபடி அமைப்பை மாற்றிவிடுங்கள்.

பெண் ஆசிரியர்களுக்கு விலை இன்னும் கூடுதல். முகப்புப் படத்தை எடுத்துச் சிதைத்துப் பரப்புவது, இரவில் செய்தி அனுப்புவது, ஒரு சாதாரணப் பதிவின் கீழ் வந்து தோற்றத்தைப் பற்றிப் பேசுவது ஆகியவற்றை அவர்கள் சந்திக்கிறார்கள். இதற்காக அவர்கள் எழுதக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். முகப்பில் ஒரு மரத்தின் படமோ கரும்பலகையின் படமோ போதும். நண்பர் பட்டியலைப் பிறர் பார்க்க முடியாதபடி மூடிவிடலாம். அத்துமீறல் நடந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். அழித்துவிட்டு அமைதியாக இருந்தால் சான்றும் போய்விடும்.

குழந்தைகளின் படத்தைப் பற்றி ஒரு சொல். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பேச்சுப் போட்டியில் வென்ற மாணவியின் படத்தைப் பெயரோடும் பள்ளியோடும் வகுப்போடும் போட்டால், அவளை எந்த நேரத்தில் எந்த வாசலில் சந்திக்கலாம் என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு நாமே சொல்லிவிடுகிறோம். பெற்றோர் எழுதித் தராமல் முகம் தெரியும் படம் வேண்டாம். அவர்கள் எழுதித் தந்தாலும் முழுப் பெயர் வேண்டாம்.

## வழி 5: யூடியூப் பாடம்

பாடப் புத்தகத்தில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. 2023-ல் வந்த மணற்கேணி செயலி இருக்கிறது. இத்தனை இருக்க நாமும் ஏன் காணொளி எடுக்க வேண்டும்? நம் வகுப்பு எங்கே தடுமாறுகிறது என்பது நமக்கு மட்டும்தான் தெரியும் என்பதே என் பதில். அமெரிக்காவில் வாழும் சல்மான் கான் (நடிகர் அல்லர்) தன் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லித்தரத் தொடங்கி, 2006-ல் அதை யூடியூபில் ஏற்றியதிலிருந்தே கான் அகாடமி என்ற இலவச இணையப் பாடத் தளம் வளர்ந்தது. ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் குறிப்பிட்ட ஐயத்துக்குப் பதில் சொல்லும் காணொளி எப்போதும் உயிரோடு இருக்கும்.

முகம் தெரிய வேண்டியதில்லை. தாளும் பேனாவும் கையும் குரலும் போதும். 'பட்டியலிடப்படாதது' என்று அமைத்தால் இணைப்பு உள்ளவர்கள் மட்டுமே பார்ப்பார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 'சிறுவர்களுக்கானது' என்று குறித்துவிட்டால் கருத்துப் பகுதி தானாகவே மூடிக்கொள்ளும்.

மறைந்திருக்கும் விலை நேரம். பத்து நிமிடப் பாடத்துக்கு ஒரு மாலை முழுதும் போகும். பார்வை எண்ணிக்கையைக் கவனிக்கத் தொடங்கினால், பிள்ளைகளுக்குத் தேவையான பாடம் பின்னுக்குப் போய், அதிகம் பேர் பார்க்கும் 'முக்கிய வினாக்கள்' முன்னுக்கு வரும். 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பர வருவாய்க்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலரை இழுக்கிறது. அரசு ஆசிரியர் அந்தக் கட்டத்துக்கு முன்பே துறையிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும்.

இன்ஸ்டாகிராமையும் எக்ஸையும் (முன்பு ட்விட்டர்) தனி வழியாக நான் எடுக்கவில்லை. முதலாவதில் நம் மாணவர்களே நிறைந்திருக்கிறார்கள். இரண்டாவதில் சண்டை நிறைந்திருக்கிறது. பாடம் நடத்த இரண்டும் உதவுவதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எதிரில் யார் | பிள்ளைக்குப் பயன் | நம் நேரம் | திரும்பப் பெறுவது |
|---|---|---|---|---|
| பணிக் குழு மட்டும் | அலுவலர், சக ஆசிரியர் | மறைமுகம் | குறைவு | சிக்கல் குறைவு |
| வாட்ஸ்அப் வகுப்புக் குழு | பெற்றோர் | அதிகம், எல்லா வீட்டுக்கும் சமமாக அன்று | எல்லை வைக்காவிட்டால் மிக அதிகம் | இரண்டு நாளுக்குச் சற்று மேல்வரை அழிக்கலாம். ஸ்கிரீன்ஷாட் நிற்கும் |
| டெலிகிராம் சேனல் | சக ஆசிரியர் | மறைமுகம் | குறைவு | அழிக்கலாம். பதிவிறக்கிய கோப்பு நிற்கும் |
| முகநூல் | எல்லோரும் கலந்து | குறைவு | அதிகம் | மிகக் கடினம் |
| யூடியூப், பட்டியலிடாமல் | நம் வகுப்பு | அதிகம் | எடுக்கும் நாளில் மட்டும் அதிகம் | எளிது |

## யாருக்கு எது

புதிதாகப் பணியில் சேர்ந்தவர் முதல் ஓராண்டு வழி 1-லும் பிராட்காஸ்ட் பட்டியலிலும் நிற்கட்டும். ஊரும் பள்ளியும் பழகிய பிறகு மற்றவற்றை யோசிக்கலாம். தன் பாடத்துக்குத் தனி ஆளாக இருப்பவர் டெலிகிராமில் சக ஆசிரியர்களைத் தேடிச் சேர வேண்டும். அவருக்கு அது வசதிக்கு மேற்பட்ட தேவை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எடுப்பவர்களுக்குப் பட்டியலிடாத யூடியூப் பாடம் அந்த உழைப்புக்குத் தகுந்த பலனைத் தரும். பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரத்தில் பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ஓய்வு பெறும் காலம் நெருங்கியவர்களுக்கு முகநூல் நல்லது. பழைய மாணவர்கள் அங்கே காத்திருக்கிறார்கள். எழுத வேண்டியதும் அவர்களிடம் நிறைய இருக்கிறது.

## மாணவரிடமிருந்து நட்பு அழைப்பு வந்தால்

இன்று நம் பள்ளியில் படிக்கும் எவருடைய அழைப்பையும் ஏற்காதீர்கள். ஒருவருக்கு மறுத்து இன்னொருவருக்குத் தருவது இன்னும் தவறு. வகுப்பு முழுவதற்கும் ஆண்டின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டால் யாரும் தனக்கு மட்டும் மறுக்கப்பட்டதாக நினைக்கமாட்டார்கள். பள்ளியை முடித்துப் போன பிறகு அவர்களே அழைத்தால் மகிழ்ச்சியோடு ஏற்கலாம்.

ஆனால் தனிச் செய்தியில் ஒரு பிள்ளை துன்பத்தைச் சொன்னால், விதியைக் காட்டி ஒதுங்கக் கூடாது. விவரம் கேட்டு நீண்ட உரையாடலும் வேண்டாம். அந்தக் கைப்பேசி வீட்டில் வேறொருவர் கைக்குப் போகலாம். 'நீ சொன்னதை நான் படித்துவிட்டேன், நாளைக் காலை முதல் மணிக்கு முன் என்னை வந்து பார்' என்ற அளவில் பதில் எழுதிவிட்டு, தலைமை ஆசிரியரிடம் அன்றே பேசுங்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் காலைவரை காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். பாலியல் கொடுமை பற்றிய செய்தியாக இருந்தால், போக்சோ சட்டம், 2012-ன்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. அந்தச் செய்தியை எந்த ஆசிரியர் குழுவிலும் பகிரக் கூடாது, ஆலோசனை கேட்பதற்காகக்கூட.